அக்காவுக்கு வராத படக்கணக்கு தம்பிக்கு மட்டும் எப்படி வந்தது? - தோவாளையில் பூ கட்டும் ஒரு வீட்டின் கதை!

எட்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீட்டில் போய் 'என்.எம்.எம்.எஸ்.' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். 'தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு' என்று முழுப் பெயரைச் சொன்னால்தான் முழிப்பார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேர்வு இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கில் வரும். நான்கு வருடத்துக்கு 48,000.

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையில் பூ கட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில், அந்த 48,000 ரூபாய் வருவதற்கு முன்பே அதற்குக் கணக்குப் போட்டாகிவிட்டது. பாதி டியூஷனுக்கு. மீதியை போஸ்ட் ஆபீஸில் போட்டு வைத்தால் மகளின் காலேஜ் அட்மிஷனுக்கு ஆகும். அம்மா பூ கட்டுகிறார். அப்பா பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். ஊர் விழிப்பதற்கு முன்பே விழித்துவிடும் மார்க்கெட் அது. ஓணம் வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

மகள்தான் மூத்தவள். வகுப்பில் முதல் மூன்று இடங்களைத் தாண்டி இறங்கியதில்லை. அதனால், 'இவளுக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்?' என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது, பள்ளியில் மாதிரித் தேர்வு வைக்கும் வரை.

இந்தத் தேர்வில் இரண்டு தாள்கள். ஒன்று படிப்பறிவுத் தேர்வு. பாடப் புத்தகத்தில் உள்ளதுதான் வரும், படித்தால் எழுதிவிடலாம். இன்னொன்று மனத்திறன் தேர்வு. 90 கேள்வி, 90 நிமிடம். எண் வரிசை, ஒப்புமை, பொருந்தாததைக் கண்டுபிடி என்று போய், ஒரு கட்டத்தில் படங்கள் ஆரம்பிக்கும். இந்த முக்கோணம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்? காகிதத்தை இப்படி மடித்து ஓட்டை போட்டால் விரிக்கும்போது எப்படி இருக்கும்? இந்தச் சிக்கலான கோடுகளுக்குள் கீழே உள்ள நான்கில் எந்த உருவம் ஒளிந்திருக்கிறது? இதை எந்தப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்வது?

மாதிரித் தேர்வில் மகள் படக் கேள்விகளில் பெரும்பாலானதைத் தவறாகப் போட்டிருந்தாள். சிலவற்றைத் தொடவே இல்லை. வீட்டில் ஜெராக்ஸ் தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்து, ஒரு படத்தையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பூ கட்டிக்கொண்டே, "மக்களே, பதறாதட்டீ, நல்லா பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வழியாகத் தண்ணீர் குடிக்கப் போன ஆறாம் வகுப்புத் தம்பி, குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது 'இ' தானே?" என்றான்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் விடை 'இ'.

"ஒனக்கு யாருல சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுதுல்லா?"

அடுத்த கேள்வி, அதற்கடுத்தது என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான். பத்தில் எட்டு சரி. இவன் யாரென்றால், சமூக அறிவியலில் 38 மார்க் வாங்கிக்கொண்டு வந்து ரிப்போர்ட் கார்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். விவரம் தெரிந்த பக்கத்து வீட்டு மதினி ஒருத்தி, "ஆம்பளப் பிள்ளையளுக்கு இதெல்லாம் தானா வரும், பாத்துக்கிடுங்க" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே வீடு, ஒரே சாப்பாடு...

பிள்ளைகளுக்கு இடையே இந்த வித்தியாசம் இருப்பது உண்மை. அதை அளக்கும் முயற்சி நேற்று தொடங்கியதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்ட சோதனையில் எழுத்தே கிடையாது. வரிசையாகப் படங்கள், அதில் ஒரு கட்டம் காலி, கீழே சில துண்டுகள். எந்தத் துண்டு பொருந்தும் என்று சொல்ல வேண்டும். மொழி தெரியாத பிள்ளையையும் சோதிக்கலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் சி.எம்.பாட்டியா 1955-ல் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே வண்ணக் கட்டைகளை அடுக்குவது, துண்டுப் படங்களைச் சேர்ப்பது போன்ற ஐந்து சோதனைகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். இன்று என்.எம்.எம்.எஸ். தாளில் வரும் படங்களை இவற்றுக்கெல்லாம் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம்.

மனதுக்குள் ஓர் உருவத்தைத் திருப்பிப் பார்ப்பது என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. அமெரிக்காவில் ஷெப்பர்டு, மெட்ஸ்லர் என்ற இருவர் 1971-ல் இதைச் சோதித்தார்கள். கட்டைகளை ஒட்டிச் செய்தது போன்ற இரண்டு உருவங்களைக் காட்டி, 'இரண்டும் ஒன்றா, வேறா?' என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையே கோணம் எவ்வளவு அதிகமோ, பதில் சொல்ல அவ்வளவு நேரம் கூடியது. கையில் எடுத்துத் திருப்பினால் எப்படி நேரம் ஆகுமோ, அப்படியே மனதிலும் ஆகிறது. இந்தத் திருப்புதல் சிலருக்கு வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. சிலர் திருப்புவதே இல்லை. 'மேலே இரண்டு, வலப்பக்கம் ஒன்று' என்று வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போய்ப் பிடிப்பார்கள். நேரம் கொடுத்தால் அவர்களும் சரியாகவே முடிப்பார்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால்தான் சிக்கல்.

மதினி சொன்னதில் துளிகூட உண்மை இல்லையா என்றால், உருவத்தை மனதில் திருப்பும் சோதனைகளில் ஆண்களின் சராசரி கொஞ்சம் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், சராசரி என்பது கூட்டத்தைப் பற்றியது. தரையில் உட்கார்ந்து அழும் ஒரு பெண் பிள்ளையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. சராசரியைத் தாண்டிய பெண்களும் சராசரிக்குக் கீழே உள்ள ஆண்களும் ஏராளம். எந்தப் பிள்ளை கையில் சின்ன வயதில் என்ன விளையாட்டுப் பொருள் கொடுத்தோம் என்ற கேள்வியும் கூடவே வரும். அதை வீடுகளில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

பாட்டா கேட்ட கேள்வி

இந்த வீட்டில் அதைக் கேட்டது பாட்டா. அம்மாவின் அப்பா. மாணிக்க மாலை கட்டத் தெரிந்தவர்.

தோவாளைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: மாணிக்க மாலை நாம் கழுத்தில் போடும் உருண்டை மாலை இல்லை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, சம்பா நார் இவற்றைக் கொண்டு பாய் முடைவதுபோலத் தட்டையாகப் பின்னுவது. ஒவ்வொரு பூவையும் மடித்து, வரிசை வரிசையாக அமர்த்தி முடித்தால், கல் பதித்த நகை போல மினுங்கும். 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மாலைக்குத்தான். ஒரு பூ இடம் மாறினால் அந்த இடத்தில் மட்டும் பிழை நிற்காது. அதற்குக் கீழே வரும் கோலம் முழுக்கக் கோணிப்போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளில் மாணிக்க மாலை பின்ன வருவது அக்காவுக்கு மட்டும்தான். லீவு நாளில் பாட்டா பக்கத்தில் உட்கார்ந்து அவள் பின்னுவாள். எந்த வரிசையில் சிவப்பு வர வேண்டும், எங்கே பச்சை திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், சரியாக வைப்பாள். தம்பியை உட்கார வைத்தால் நாலாவது வரிசையில் நாரை அறுத்துவிட்டு நுங்கு வண்டி ஓட்டப் போய்விடுவான்.

"அந்தப் படமும் இதுவும் ஒண்ணுதானட்டீ? இது வருகுது, அது ஏன் வரல?" என்று பாட்டா கேட்டார். அவருக்கு அது சாதாரணக் கேள்வி. அம்மாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. ராபர்ட் செர்பல் என்ற உளவியலாளர் 1979-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டது. இங்கிலாந்துப் பிள்ளைகளையும் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே மாதிரியான உருவங்களைப் பார்த்துச் செய்யச் சொன்னார். பென்சிலால் வரையச் சொன்னபோது இங்கிலாந்துப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியை வளைத்துச் செய்யச் சொன்னபோது சாம்பியாப் பிள்ளைகள் முந்தினார்கள். களிமண்ணில் இரு தரப்பும் சமம். சாம்பியாவில் பிள்ளைகள் கம்பியை வளைத்துக் கார் செய்து ஓட்டுவார்கள், நம் ஊரில் நுங்கு வண்டி ஓட்டுவதுபோல. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு பென்சில் பழக்கம். கண் ஒன்றுதான், மூளை ஒன்றுதான். எதன் வழியாகக் கேட்கிறோம் என்பதில் பாதி விடை அடங்கியிருக்கிறது.

கணக்கிலும் இதே கதைதான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி 2025-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எடை, விலை, மீதிச் சில்லறை என்று மனக்கணக்கில் புலியாக இருக்கும் அந்தப் பிள்ளைகள், அதே கணக்கைப் பள்ளிப் புத்தகப் பாணியில் தாளில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு அப்படியே தலைகீழ். ஓர் இடத்தில் தெரிந்தது இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போய்விடுவதில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

கையால் மறைத்த நான்கு விடைகள்

அக்காவின் கையைப் பிடித்தவர் அவளுடைய கணக்கு சார். அவர் முதலில் சொன்னது, கண்ணைச் சோதிக்கும்படி. படக் கேள்வி வரவில்லை என்றால் மூளையைச் சந்தேகப்படும் முன் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் அனுபவம். கரும்பலகை மங்கலாகத் தெரிவதையே சொல்லாமல் வருடக்கணக்கில் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். சோதித்துப் பார்த்ததில் இவளுக்குக் கண்ணில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்து, அவள் எப்படிப் போடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மார்க்கை அல்ல, அவள் கண் போகும் வழியை. கேள்வியை ஒரு நொடி பார்க்கிறாள், உடனே விடைகளுக்குத் தாவுகிறாள். 'அ'வா? கேள்விக்குத் திரும்புகிறாள். 'ஆ'வா? மறுபடி கேள்வி. நான்காவது விடைக்கு வருவதற்குள் முதல் விடை மறந்துபோகிறது. படிப்பறிவுத் தாளில் இந்த முறை அவளைக் காப்பாற்றியது, ஏனென்றால் அங்கே சரியான விடையைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும். படத்தில் ஞாபகம் வர எதுவும் இல்லை. நான்கு விடைகளும் வேண்டுமென்றே ஒன்றுபோலவே வரையப்பட்டவை.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் சொன்னது இது: "கீழ பாக்க மாட்டேன் சார். மேல பாத்து எப்டி வரும்னு நெனச்சுக்கிடுவேன். பொறவு கீழ அது எங்க இருக்குன்னு தேடுவேன்."

இதைக் கேட்டால் ஆய்வாளர்கள் சந்தோஷப்படுவார்கள். ரேவன் சோதனையை எழுதுபவர்களின் கண் அசைவைப் படம் பிடித்துப் பார்த்ததில் இந்த இரண்டு பாணிகளும் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. விடையை முதலில் மனதில் கட்டிவிட்டு அப்புறம் தேடுபவர்கள் பொதுவாக அதிகம் பெறுகிறார்கள். விடையிலிருந்து கேள்விக்கும் கேள்வியிலிருந்து விடைக்கும் ஓடுபவர்கள் கடினமான கேள்விகளில் தடுக்கி விழுகிறார்கள். கார்ப்பென்டர், ஜஸ்ட், ஷெல் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கடினமான படத்தில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று விதிகள் ஓடும். கோடு கூடும், வண்ணம் மாறும், உருவம் திரும்பும். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் பிடித்து, மற்றது மறக்காமல் மனதில் வைத்திருப்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மாணிக்க மாலை பின்னும்போது அந்தப் பிரச்னை இல்லை. முடித்த வரிசை கண் முன்னால் இருக்கும், மனம் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

சார் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, "முதல்ல சொல்லு, அப்புறம் பாரு" என்றார். சொல்ல வரவில்லை என்றால் வரையச் சொன்னார். ஒரு விதியை மட்டும் பார், மற்றதை மறந்துவிடு என்றார். காகித மடிப்புக் கேள்விக்கு நிஜமாகவே காகிதத்தை மடித்துக் கிழித்துப் பார்க்கச் சொன்னார். வீடு முழுக்கக் குப்பை சேர்ந்ததாக அம்மாவுக்குப் புகார்.

ஒரு நாள், "தாளைத் திருப்பிப் பாரேன்" என்றார் சார். அவள் தயங்கியிருக்கிறாள். தேர்வு ஹாலில் தாளைத் திருப்பினால் காப்பி அடிப்பதாக நினைத்துவிடுவார்கள் என்று இத்தனை நாளும் அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்! மாலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பின்னுகிற பிள்ளை, கைகளைக் கட்டிக்கொண்டு படத்தை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் எவ்வளவு சின்னவை!

பயிற்சியால் இது வளருமா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி உலகம் கிட்டத்தட்டத் தீர்மானமாகவே பதில் சொல்லிவிட்டது. 217 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து அட்டல் குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவு, இடமும் உருவமும் சார்ந்த திறன் பயிற்சியால் கூடும், கூடியது உடனே கரைந்தும் போவதில்லை என்பது. சின்ன வயதிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் 53 குழந்தைகளை இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை வீட்டிலேயே படம் பிடித்துக் கவனித்தார்கள். ஜிக்சா போன்ற புதிர்த் துண்டுகளை வைத்து விளையாடிய பிள்ளைகள், நாலரை வயதில் உருவங்களைத் திருப்பிப் பொருத்தும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பழைய காலண்டர் படத்தை எட்டுத் துண்டாக வெட்டிக் கொடுத்தாலே போதும்.

மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலமும் இதே பயிற்சிதான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தின் விதிகளை கம்ப்யூட்டர் மொழி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். ஒன்பது புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் இழுக்கும் பெண்ணிடம், 'உனக்குப் படக்கணக்கு வராது' என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

அவள் தேர்வு எழுதினாள். படக் கேள்விகளில் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டதாகச் சொன்னாள். இரண்டு தாள்களிலும் தகுதி மதிப்பெண்ணான 40 சதவீதத்தைச் சிரமமில்லாமல் தாண்டியிருந்தாள். ஆனால், தகுதி பெற்ற எல்லோருக்கும் உதவித்தொகை கிடைப்பதில்லை. இட ஒதுக்கீட்டின்படி மதிப்பெண் வரிசையில் மேலே இருப்பவர்களுக்குத்தான். தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

48,000 ரூபாய்க் கணக்கு எழுதிய தாளை அம்மா என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் முந்தியே சார் சொல்லித் தந்திருந்தா கிட்டியிருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜியோமெட்ரியில் படம் வரையும்போது நோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறாள் என்று பக்கத்தில் உட்காரும் தோழி கிண்டல் செய்கிறாளாம்.

இப்போது அந்த வீட்டின் கவலை தம்பி. மனத்திறன் தாளில் அவனுக்குப் பயமில்லை. ஆனால், இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் 55 சதவீத மார்க் வேண்டும். அவன் இப்போதுதான் ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். ராஜாக்களின் பெயரும் வருடமும் அவன் தலையில் நிற்பதில்லை. வாசித்துக் காட்டினால் தூங்கிவிடுகிறான். அக்காதான் இப்போது அவனுக்கு டீச்சர். சுவரில் காலண்டர் தாளை ஒட்டி, நீளமாக ஒரு கோடு இழுத்து, பல்லவர் ஒரு வண்ணம், சோழர் ஒரு வண்ணம், பாண்டியர் ஒரு வண்ணம் என்று கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறாள். போன வாரம் வகுப்புத் தேர்வில் சமூக அறிவியலில் 51.

"இன்னும் நாலு மார்க்குல" என்கிறாள் அக்கா. அவன் அதற்குள் நுங்கு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தான்.